அம்மா சிவப்பியைப் பூட்டி வைத்த மாசி

என் வயதுக்காரர்களுக்கு, அதுவும் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு, பெட்டை நாய்க்குட்டிகள் எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கண் திறந்த கையோடு உரப்பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டி, சந்தைக்குப் பின்னாலோ குளக்கட்டுக்கு அந்தப் பக்கமோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பைகளை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். சில பைகள் அசையும். காணாத மாதிரி நடந்து போவோம். கடுவன் குட்டி என்றால் கேட்டு வர ஆட்கள் இருந்தார்கள். பெட்டையை வைத்திருந்தால் ஊரில் உள்ள கடுவன் நாய்களெல்லாம் வளவுக்குள் வந்து நிற்கும், பிறகு வீடு முழுக்கக் குட்டி என்று எல்லாரும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் வளர்ந்தது பெட்டை. செங்கல் நிறம். அதனால் சிவப்பி.

அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. இப்போது மாடிப்படியைக் கண்டால் முழங்கால்கள் முறைக்கிற வயதுக்கு வந்துவிட்டேன். வவுனியாவில் என் பக்கத்து வீட்டில் இருக்கிற இளம் தம்பதி தங்கள் நாய்க்குப் பருவம் வந்தால் அதற்குச் சின்னக் காற்சட்டை ஒன்று போட்டுவிடுகிறார்கள். அடுத்த தரம் எப்போது வரும் என்று கைத்தொலைபேசி அவர்களுக்குச் சொல்கிறது. நல்ல பிள்ளைகள். அந்த நாய் காற்சட்டையோடு முற்றத்தில் ஓடுகிறதைக் காண்கிற நேரமெல்லாம் எனக்கு அம்மாவின் மணம் வந்துவிடுகிறது. வேப்பெண்ணெயும் அடுப்புப் புகையும் ஈர நெல்லும் கலந்த மணம். அந்த மாசி மாதம் முழுக்க அம்மா அப்படித்தான் மணத்தா.

சிவப்பி எங்களிடம் வந்த கதையை முதலில் சொல்லவேண்டும்.

ஒரு மாரியில் வயல் வரம்பில் வைத்து அப்பாவைப் பன்றி வெட்டிவிட்டது. தொடை பிளந்து சேற்றில் கிடந்தவரை, காட்டிலிருந்து நாய்களோடு வந்துகொண்டிருந்த ஒரு வேட்டைக்காரர் கண்டார். நாய்கள் பன்றியைத் துரத்தின. அவர் தன் சாரத்தைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு குளக்கட்டு நீளத்துக்கு நடந்து, எதிரே வந்த உழவு மெஷினை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு ஜெயபுரத்து மாமா.

அப்பா பொல்லூன்றி நடக்கத் தொடங்கியபோது மாமா வீட்டுக்கு வந்தார். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்து முற்றத்தில் விட்டார்.

“நம்ம கறுவலோட குட்டி. வயக் காவலுக்கு வச்சிக்குங்க தம்பி.”

கறுவல் அவருடைய பெரிய கறுப்புக் கடுவன். அன்றைக்குப் பன்றியின் காதைப் பிடித்துத் தொங்கியது அதுதான். அப்பா ஆசையோடு குட்டியைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

“பெட்டையெல்லோ அண்ணை?”

“கடுவன் எல்லாத்தையும் ஆளுக்கொண்ணா தூக்கிட்டுப் போயிட்டாங்க. இவதான் மிச்சம்.”

அம்மா குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து குட்டியை வாங்கினா. “பெட்டை எண்டால் என்ன? பன்றிக்குத் தெரியவே போகுது?” என்றா. மாமா சிரித்தார். அப்பாவும் பிறகு சிரித்தார்.

அம்மா சொன்னது சரியாய்ப் போனது. ஒரு வயது நிரம்ப முதலே சிவப்பி வயலைத் தன் வீடாக்கிக்கொண்டாள். பொழுது சாய்கிற நேரம் அப்பாவின் பழைய பெல்ட்டில் வெட்டிய பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போவாள். பன்றி மணம் பிடித்தால் குரைக்கமாட்டாள். முதுகு மயிர் மட்டும் எழும்பும். பிறகுதான் பாய்ச்சல். விடிய நெற்கதிர் மஞ்சளாய் ஒட்டின முகத்தோடு வந்து என் பாயில் படுப்பாள். அந்த ஈரமூக்கு என் உள்ளங்காலில் முட்டுகிற குளிரை இப்போதும் காலில் உணர்கிறேன். பக்கத்து வயல்காரர்கள், சங்கக்கடை மனேச்சர், எல்லாரும் அப்பாவிடம் “உவளின்ர குட்டி ஒண்டு எனக்கு” என்று சொல்லி வைத்தார்கள். அப்பாவும் எல்லாருக்கும் தலையாட்டி வைத்தார்.

பிறகு ஒரு நாள் காலை, சாணி மெழுகிய நிலத்தில் குன்றிமணி சிந்தின மாதிரி இரத்தத்துளிகளைக் கண்டேன். அவை பாயிலிருந்து வாசல் வரை போயிருந்தன.

“அம்மா, சிவப்பிக்குக் காயம்!”

பக்கத்து வீட்டு மாமி எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றா. “பொம்பிளைப் பிள்ளையள் உதுகளைப் பாக்கிறேல்லை. உள்ள போ” என்று என்னை அதட்டினா.

அம்மா வந்து குனிந்து சிவப்பியின் வாலைத் தூக்கிப் பார்த்தா. “காயமில்லைப் பிள்ளை. அவள் பருவத்துக்கு வந்திட்டாள்” என்று, மழை வரப்போகுது என்று சொல்கிற மாதிரிச் சொன்னா. பிறகு அவளின் இடுப்பைத் தடவிக்கொண்டு, “ஆனா இன்னும் குட்டிதான். இந்தமுறை ஒண்டும் அண்டக் கூடாது” என்றா.

அந்தக் கிழமை அம்மாவின் ஊரில் ஒரு செத்தவீடு. சிவப்பியை வேம்பில் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு அம்மா போனா. அப்பா கட்டித்தான் வைத்திருந்தார். அவர் மாட்டோடு வளர்ந்தவர். பசு காளைக்குக் கத்தினால் ஒரு நாள், ஒன்றரை நாள். அந்த அறிகுறி போனால் எல்லாம் முடிந்தது. அந்தக் கணக்கைத்தான் அவர் நாய்க்கும் போட்டார். இரத்தம் நிற்கட்டும் என்று பார்த்திருந்தார். நின்றது. அவிழ்த்துவிட்டார்.

அவள் வயலுக்குப் போகவில்லை. நேரே குளக்கட்டுக்குப் போனாள். அங்கே நின்ற நாய்களில் மிகப் பெரியது, யாருடையது என்று தெரியாத ஒரு சாம்பல் நிறக் கடுவன். பெடியன்கள் கல்லெறிந்து கூச்சலிட்டதும், இரண்டும் பிரிய முடியாமல் கொளுவிக்கொண்டு அந்தக் கல்லெறிக்குள் நின்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிவப்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன்.

செத்தவீட்டால் வந்த அம்மா கேள்விப்பட்டதும் குசினிப் படியில் அப்படியே இருந்துவிட்டா. அப்பா, “ரத்தம் நிண்டாப் பிறகுதானே விட்டனான்” என்றார்.

“ரத்தம் வெளிறி நிக்கேக்கதான் அவள் கடுவனைத் தேடுவாள். அதுக்கு முந்தி ஒண்டையும் கிட்ட விடமாட்டாள், கடிப்பாள். நீங்கள் காக்கத் தேவையில்லாத நாளெல்லாம் காத்துப்போட்டு, காக்க வேண்டின நாள் விட்டிருக்கிறியள்.”

ஐப்பசி முதல் மழையோடு சிவப்பி வைக்கோல் கொட்டிலுக்குள் குட்டி போட்டாள். போட்டாள் என்று சொல்வது தவறு. காலையில் முக்கத் தொடங்கினவள் பின்னேரம் வரை முக்கினாள். அவளின் சின்ன இடுப்புக்கு அந்தச் சாம்பல் நாயின் குட்டிகள் பெரிது. அம்மா தேங்காயெண்ணெயும் சுடுதண்ணீருமாய் அவளோடேயே கிடந்தா. மிருக வைத்தியர் கிளிநொச்சியில். கூட்டி வர வழியில்லை. இரண்டு குட்டிகள் செத்தே பிறந்தன. மூன்றாவது சில நாள் கிடந்து பால் குடியாமல் அடங்கியது. சிவப்பி அதை வாயில் கவ்விக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு மூலையாய்த் திரிந்தாள். ஒரு மூலையில் வைப்பாள், நக்குவாள், திரும்பத் தூக்குவாள். அம்மா அதை மெதுவாக வாங்கிப் பழஞ்சீலைத் துண்டில் சுற்றி மாதுளைக்குக் கீழே தாட்டா.

அன்றைக்கு அம்மா அழுத மாதிரி நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஒரு நாய்க்குட்டிக்கு இப்படி அழுகிறாவே என்று நினைத்தேன். மாமியும் வேலிக்கு மேலால் பார்த்து, “நாய்க்கே உந்தக் கண்ணீர்?” என்றா. நாங்கள் இரண்டு பேரும் பிழையாகத்தான் நினைத்திருந்தோம்.

சிவப்பி எலும்பாய்ப் போனாள். அம்மா குளத்து மீன்தலையும் குரக்கன் கஞ்சியுமாய் ஊட்டி, தை பிறக்கிற நேரம் அவளைத் திரும்ப எழுப்பினா. அப்போது வயலில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அவளும் காவலுக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

மாசியில் ஒரு நாள் அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தா. இரத்தம் இன்னும் வரவில்லை. சிவப்பி அடிக்கடி பின்புறத்தை நக்கிக்கொண்டிருந்தாள், வேலி ஓரமாய் நின்று நின்று மூத்திரம் பெய்தாள், அவ்வளவுதான். அம்மா உள்ளே போய், பழைய தகரப் பெட்டியில் தொங்கின பித்தளைப் பூட்டைக் கழற்றி, நெல்லு மூட்டை அடுக்குகிற சின்ன அறைக் கதவில் கொளுவினா. அடுத்த நாள் இரத்தத்துளி விழுந்தது. சிவப்பி அறைக்குள் போனாள். பூட்டின் திறப்பு அம்மாவின் தாலிக்கொடிக்குப் போனது.

அப்பாவுக்கு வேறு கணக்கு இருந்தது. தை மாதத்தில் அவர் ஜெயபுரத்துக்குப் போய் வந்திருந்தார். மாமாவின் நாய்கள் கிழடாகிவிட்டன. சிவப்பியைக் கறுவலோடு சேர்த்தால் அந்தத் தைரியம் குட்டிகளுக்கு இரட்டிப்பாய் வரும் என்று மாமா சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு கடுவனும் அவருக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். தன் உயிரைக் காப்பாற்றின மனிசனுக்கு, இந்தப் பிறவியில் தன்னால் கொடுக்கக் கூடியது அது ஒன்றுதான் என்று அப்பா நினைத்திருக்கவேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் வைத்துத்தான் அப்பா அதைச் சொன்னார்.

“மாமாவுக்குச் சொல்லி அனுப்பிப்போட்டன். கறுவலைக் கொண்டு வருவார்.”

அம்மா சோறு போட்ட கரண்டியைச் சட்டிக்குள் வைத்தா. “இந்தமுறை ஒண்டும் வேண்டாமப்பா. அவளின்ர உடம்பு இன்னும் ஆறேல்லை. அதுகும் கறுவல் அவளைப் பெத்த தேப்பன்.”

“நாய்க்கு என்ன தேப்பன், மகள்?”

“எங்கட ஐயா பட்டியில ஒரே கிடாயை மாத்தாமல் விட்டு வைச்சிருந்தவர். கடைசியில கண் தெரியாமல், கால் வளைஞ்சு குட்டி பிறந்தது. நான் அதுகளைக் கையால தூக்கினனான்.”

“வாக்குக் குடுத்திட்டன், இஞ்சேர்.”

“குடுத்தது நீங்கள். பெறப்போறது அவள்.”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார். பாதிச் சோறு கோப்பையில் கிடந்தது. அம்மா அப்பாவுக்கு எதிராக வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ பெரிய பிழை நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு முற்றுகை. அப்படித்தான் சொல்லவேண்டும். எங்கிருந்து வந்தனவோ, வேலி நீளத்துக்குக் கடுவன்கள். சொறி பிடித்தது, வால் அறுந்தது, மணி கட்டினது, ஊரில் நான் ஒரு நாளும் காணாதது. வாசல் படலைக்குக் கீழே மண்ணைத் தோண்டின. ஒன்றையொன்று கடித்துக் குதறின. அம்மா வேப்பெண்ணெயைச் சீலைத்துணியில் தோய்த்து அறைக் கதவைச் சுற்றித் தேய்ப்பா, மணத்தை மறைக்குமாம். சிவப்பி கிடந்த சாக்கை நாளுக்கு நாள் மாற்றிக் கொதிதண்ணீரில் அவிப்பா. சண்டையால் சவர்க்காரம் கிடையாத காலம். சாம்பலைப் போட்டுத்தான் கழுவினா. காலையும் மாலையும் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவளை வெளியே கூட்டிப் போவா. ஒரு கையில் கயிறு, மறுகையில் விளக்குமாறு. நான் பின்னால் ஒரு தடியோடு காவல். எங்கள் மூவரின் ஊர்வலத்தைப் பார்த்து ஊர் சிரித்தது.

“நாய் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடோ?” என்று மாமி கேட்டா.

“ஓம். பலகாரத்துக்கு வாங்கோ” என்றா அம்மா.

வயலில் சிவப்பி இல்லாததைப் பன்றிகள் உடனே அறிந்துகொண்டன. காட்டோரத்து வயல் வரவைகளைக் கிண்டிப் புரட்டிப்போட்டன. அப்பா நொண்டிக் காலோடு காவல் கொட்டிலில் போய்க் கிடந்து, தகரத்தில் தட்டித் தட்டி விரட்டினார். விடிய வந்து அந்தப் பூட்டைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். இரத்தம் வெளிறித் தண்ணியாகி நின்ற அன்றைக்கு மட்டும், “இனியென்ன? நிண்டிட்டுதுதானே” என்றார்.

“இப்பத்தான் பூட்டு வேணும்” என்றா அம்மா.

அந்தக் கிழமையில் சிவப்பி மாறிப்போனாள். அதுவரை அறைக்குள் முனகிக்கொண்டு படுத்திருந்தவள், கதவைப் பிறாண்டத் தொடங்கினாள். நான் போய்க் கதவோடு முதுகைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவளின் மூச்சு. அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு முழுதாய் விளங்கவில்லை. ஆனால் அது பசி மாதிரி ஒன்று என்று விளங்கியது. “அவளுக்கு விருப்பமெண்டால் விட்டால் என்னம்மா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

அம்மா உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னா: “விருப்பம் அவளுக்கு இருக்கும். குட்டி வயித்தில கொளுவினால் அவள் செத்துப்போவாள் எண்டு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அப்படி ஒரு காலையில்தான் மாமா வந்தார். சரியான நாள் பார்த்து வந்தார். வேட்டைக்காரருக்கு அது தெரியாதா? ஜெயபுரத்திலிருந்து கறுவலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். அவரைக் கண்டதும் வேலியோரம் நின்ற நாய்களெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு விலகின. அறைக்குள் சிவப்பி ஊளையிட்டாள். அப்பா வைக்கோல் கொட்டிலுக்குள்ளிருந்து எழும்பி வந்தார். அம்மா அவருக்கு முந்திப் படலைக்குப் போய்விட்டா. படலையைத் திறக்கவில்லை. மேல் தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றா.

“அண்ணை, நீங்கள் என்ர மனிசனைச் சுமந்துகொண்டு வந்தனீங்கள். நீங்கள் இல்லாட்டி நான் இண்டைக்கு வெள்ளைச் சீலை. இந்த வீட்டில எதைக் கேட்டாலும் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா இவளை இப்ப விடமாட்டன்.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, கறுவல் மேல குறையா?”

“கறுவலில ஒரு குறையுமில்லை. அவன் இவளின்ர தேப்பன். அது ஒண்டு. மற்றது…” அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “எனக்குப் பதினாறு வயசில கலியாணம் அண்ணை. வருசம் திரும்ப முந்தி வயித்தில பிள்ளை. நானே ஒரு பிள்ளை. ஒரு பகலும் ஒரு இரவும் கிடந்து துடிச்சன். பொம்பிளைப் பிள்ளை. செத்துத்தான் பிறந்தது. உடம்பு ஆற முந்தி அடுத்தது எப்ப எண்டு கேட்டுச் சனம் வீட்டுக்கு வந்தது. அப்ப எனக்கெண்டு ஒருத்தரும் படலையில நிண்டு மாட்டன் எண்டு சொல்லேல்லை. இவளுக்கு நான் நிக்கிறன்.”

எனக்கு ஒரு அக்கா இருந்தா என்பதை அந்தப் படலையடியில் வைத்துத்தான் நான் அறிந்தேன்.

மாமா கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். கடைசியில், “நாய்க்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க தங்கச்சி. ரொம்பத் தூரம் நடந்திருச்சி” என்றார். அம்மா சட்டியில் தண்ணீர் கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைத்தா. கறுவல் நக்கி நக்கிக் குடித்தது. மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அப்பா அதற்குப் பிறகு அம்மாவோடு கதைக்கவில்லை. வீட்டில் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் இருந்தது. அது கோபம் என்றுதான் நான் நினைத்தேன். சுமந்து வந்த மனிசனை வாசலால் திருப்பி அனுப்பியதற்கான கோபம். இப்போது அப்பாவின் அந்த முகத்தை நினைக்கையில் அதில் கோபம் எங்கே இருந்தது என்று தேடுகிறேன். காணவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் புருசனாய் ஒரு பகலும் ஒரு இரவும் வெளியே நின்றவர் அவர்தானே. அதைப் பற்றி இரண்டு பேரும் அதற்கு முதல் ஒருநாளும் கதைத்திருக்கமாட்டார்கள்.

ஒரு பின்னேரம் அப்பா அறைக் கதவடியில் குந்தியிருந்தார். சிவப்பி பிறாண்டின பள்ளத்தால் கதவுக்குக் கீழே இடைவெளி வந்திருந்தது. அதற்குள் விரலை விட்டார். உள்ளேயிருந்து சிவப்பி நக்கினாள். “கொஞ்சம் பொறு மோளே” என்றார். பிறகு போய்த் தகரத்துண்டு ஒன்றும் ஆணியும் கொண்டுவந்து அந்த இடைவெளியை அடைத்து அடித்தார். குசினிக்குள் அம்மா அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. சுத்தியல் சத்தம் கேட்டதும் கை நின்றது. எட்டிப் பார்க்கவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டில் அப்பாவின் கோப்பையில் நடுமுள் இல்லாத பெரிய துண்டு கிடந்தது.

கடுவன்கள் ஒவ்வொன்றாய்க் கலைந்து போயின. ஒரு காலை வேலியோரம் ஒன்றுமில்லை. அம்மா இன்னும் சில நாள் பொறுத்துவிட்டுத்தான் பூட்டைக் கழற்றினா. சிவப்பி வாசலில் நின்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு வயலைப் பார்த்து ஓடினாள். அறுவடை முடிந்து வெறும் வயல். இருந்தாலும் அவள் ஓடின ஓட்டம்! அம்மாவும் நானும் சிரித்துக்கொண்டு நின்றோம். திரும்பிப் பார்த்தால் அப்பாவும் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா வரவேயில்லை. சித்திரை வருசத்துக்கும் வரவில்லை. அம்மா பலகாரம் சுட்டு ஒரு பங்கை எடுத்து வைத்திருந்து, பழுதாய்ப்போகக் கோழிக்குப் போட்டா.

ஆவணியில் சிவப்பிக்கு அடுத்த பருவம் வந்தது. பூட்டு திரும்பவும் கதவில் ஏறியது. அவள் இப்போது இடுப்பு விரிந்து, மயிர் மினுங்கி, முழுப் பெட்டையாய் நின்றாள். இரத்தம் வெளிறுகிற நாளில் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மாமா! சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு மண்ணிறக் கடுவன் ஓடி வந்து இளைத்துக்கொண்டு நின்றது.

“இது கறுவலுக்கு ஒரு சொந்தமும் இல்ல தங்கச்சி. பூநகரிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்.” அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “நீங்க சொன்னத அன்னிக்கி நடந்து போறப்போ பூரா யோசிச்சேன். எங்க வீட்டுலயும் குட்டிங்க வர வரச் சிறுத்துத்தான் போச்சு. நாட்டுல சாப்பாடு இல்லன்னு நெனச்சேன்.”

“கோவம் எண்டெல்லோ நினைச்சனாங்கள்” என்றார் அப்பா.

“கோவமில்ல தம்பி. நல்ல நாயாத் தேடிக்கிட்டிருந்தேன்.”

அம்மா படலையைத் திறந்தா. கடுவனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தா, கண்ணைப் பார்த்தா, காதுக்குள் மணந்தா, முன்னங்காலைத் தூக்கி விட்டா, நடக்கவிட்டுப் பார்த்தா. சொறி வந்ததோ, சின்னப் பிள்ளைகளைக் கடிக்குமோ, தாய் எத்தனை வயது மட்டும் இருந்தது என்று கேட்டா. அப்பா மாமாவின் காதுக்குள், “மாப்பிள்ளை பாக்கிறா” என்றார். இரண்டு ஆண்களும் சின்னப் பெடியன்கள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா அதைக் காணாத மாதிரி இருந்தா. பிறகு தாலிக்கொடியிலிருந்து திறப்பைக் கழற்றி என்னிடம் தந்தா. “போய்த் திற பிள்ளை” என்றா.

கார்த்திகை மழைக்குள், ஒரு காலைப் பொழுதுக்குள், சிவப்பி அலுங்காமல் குலுங்காமல் குட்டி போட்டாள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கையில் வைக்கோலுக்குள் ஒரு வரிசை முதுகுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மண்ணிறம், செங்கல், மண்ணிறம், செங்கல். பால் மணமும் மழை மணமும். அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி இருந்தா. அந்த முகத்தில் இருந்த ஆறுதலை நான் பிறகு என் பிள்ளைகள் பிறந்தபோது மட்டும்தான் கண்டேன்.

குட்டி கேட்டு வந்தவர்களுக்கு அம்மா ஒரே கேள்வி வைத்திருந்தா: “பெட்டை எண்டால் கொண்டுபோவியளோ?” இல்லை என்றவருக்குக் கடுவனும் இல்லை. சங்கக்கடை மனேச்சர் வெறும் கையோடு போனார். பிறகு மனம் மாறி வந்து ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். குட்டிகள் சோறு தின்னப் பழகும் வரை ஒன்றையும் தாயிடமிருந்து பிரிக்க விடவில்லை. அந்த மாரியில் எங்கள் வீட்டிலிருந்து உரப்பை ஒன்றும் வெளியே போகவில்லை.

ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது அதற்குச் சில வருடம் கழித்து. ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்கின ஒரு வெயில் நாள். நாலு வீட்டுச் சாமானும் சனமும் ஒரு உழவு மெஷின் பெட்டியில். சிவப்பி அன்றைக்குப் பருவத்தில் இருந்தாள். அதுவும் இரத்தம் வெளிறின நாள்.

“நாயை அவிட்டு விட்டிட்டு ஏறுங்கோ” என்று ஆரோ கத்தினார்கள்.

“போற இடத்தில எங்களுக்கே நிழல் இல்லை. இவள் எந்த மரத்துக்குக் கீழ குட்டி போடுறது?” என்று கேட்டுக்கொண்டே அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினா. நெல்லு மூட்டைக்கு மேல் இருந்து, அவளை மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டா.

மல்லாவிப் பக்கம் போகிற காட்டுப்பாதை. மெஷின் புறப்பட, ஊரிலிருந்த கடுவன்களெல்லாம் பின்னால் ஓடி வந்தன. புழுதிக்குள் ஒரு படை. பயந்து போயிருந்த சனம் அதைக் கண்டு சிரிக்கத் தொடங்கியது. மாமிகூடக் கண்ணீர் வரச் சிரித்தா. “எங்களை வழியனுப்ப வேறொருத்தரும் வரேல்லை, உவையள் எண்டாலும் வருகினம்” என்றா. கொஞ்சத் தூரத்தில் ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுப்பாதையில் நின்று எங்களைப் பார்த்தன. நான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டேன்: இது கோயிலடி நாய், இது பள்ளிக்கூடத்து நாய், இது கடையடி நாய். ஊர் ஒவ்வொரு இடமாய்க் கழன்று பின்னால் நின்றது. சிரிப்பும் அடங்கிவிட்டது.

கடைசியில் ஒரு வெள்ளைக் கடுவன் மட்டும், சொந்தக்காரர் இல்லாதது, காட்டு முடக்கு வரைக்கும் ஓடி வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. இருந்து, தலையைத் தூக்கி ஊளையிட்டது.

சீலைத் தலைப்புக்குள்ளிருந்து சிவப்பி பதில் கொடுத்தாள். நீளமாய், அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு குரல். பெட்டிக்குள் குழந்தைகள் திடுக்கிட்டு விழித்தன. “அதின்ர வாயைப் பொத்துங்கோ, அபசகுனம்” என்று சனம் சத்தம் போட்டது. அப்பா கையை நீட்டி அவளின் வாயைப் பிடிக்கப் போனார்.

அம்மா அவருடைய கையைப் பிடித்தா.

“விடுங்கோ. அவளாவது கத்தட்டும்.”

அப்பா கையை எடுத்தார். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. காடு முடியும் மட்டும் சிவப்பி கத்திக்கொண்டே வந்தாள். ஒருவரும் அவளை மறிக்கவில்லை.